மாமா ஜொகூருக்குப் போன வருடம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பந்தய அணி இருந்தது. அலுவலகத்தில் இதைச் சொன்னால், நான் ஏதோ பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அணி என்றால் அப்பா, அம்மா, அக்கா, நான், பின்கதவு ஒழுங்காகச் சாத்தாத ஒரு வேன், ஒரே ஒரு கோ-கார்ட். கூரையும் கதவும் இல்லாமல் தரையோடு தரையாகப் போகும் குட்டி வண்டிதான் கார்ட். அதை ஓட்டியவள் பதினைந்து வயது அக்கா. அப்பாவுக்கு சுபாங் ஜெயாவில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பந்தய நாட்களில் மட்டும் அவர் தலைமை மெக்கானிக். அம்மாவின் ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறு கையில் சோற்றுத்தூக்கு. எனக்கென்று யாரும் வேலை எதுவும் கொடுக்கவில்லை. கேள்வி கேட்பது என் வேலை என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது ஆள் மாமா, அம்மாவின் அண்ணன். எஞ்சின் அவருடைய பொறுப்பு. கிள்ளானில் ஒரு கடை வரிசையின் கோடியில் அவருக்குச் சொந்தமாகப் பட்டறை இருந்தது. பெயர்ப்பலகையில் அவர் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். பெரிய அணிகளுக்கு எஞ்சின் பெட்டியில் வரும். எங்களுக்கோ மாமா பழைய கைலியில் சுற்றி, வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்துக் கொண்டுவருவார். வழியில் குண்டும் குழியும் வந்தால் அப்பாவைத் திட்டுவார்.

மாமா ஒரு புளுகர். குளிர்ந்த எஞ்சினுக்குள் ஒரு தவளை இருக்கிறது, அதனால்தான் முதலில் கரகரவென்று கத்துகிறது என்று சொல்லி, மூன்று நாள் என்னைப் பூச்சி பிடிக்க வைத்தார். ஆனால் அவருடைய புளுகுக்கு ஒரு சட்டம் உண்டு. கண்டுபிடித்தவர் ஊரைக் கூட்டக்கூடாது. தனியாக வந்து அவர் காதில் “கண்டுபிடிச்சிட்டேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால், சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் ஒரு கிண்ணம். வேறு யாரிடமாவது உளறிவிட்டால் ஒன்றும் கிடையாது. தவளையை நான் கண்டுபிடித்த நாளில் இரண்டு கிண்ணம் வாங்கித் தந்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் மாமா அதன்மேல் ஒரு கோடு போடுவார். பாதிக் கோடு நட்டின்மேலும் பாதி பக்கத்து இரும்பின்மேலும் விழும். நட்டு தளர்ந்தால் கோடு விலகிவிடும், பார்த்த உடனே தெரிந்துவிடும். மற்ற மெக்கானிக்குகள் இதற்குக் கடையில் பெயிண்ட் வாங்குவார்கள். மாமா எடுப்பது அத்தையின் நகப்பூச்சை. அத்தை என்றால் மாமாவின் மனைவி. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூச்சு. அத்தை வேறு நிறம் போட்டு நான் பார்த்ததில்லை. பாட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, பள்ளி விடுமுறையில் என் நகங்களுக்கும் பூசிவிடுவார். அதனால் விடுமுறைப் பந்தயங்களில் எங்கள் எஞ்சினும் என் பத்து விரல்களும் ஒரே நிறத்தில் இருக்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த வருடம் இரண்டு பந்தயங்களில் அடுத்தடுத்து மாமாவின் எஞ்சின் பாதி ஓட்டத்தில் இறுகி நின்றுவிட்டது. இரண்டாவது முறை அக்கா கார்ட்டைப் புல்வெளிவரை தானே தள்ளிக்கொண்டு வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே அழுதாள். மாமா எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் ஒரு புளுகும் சொல்லாத நாள் அதுதான்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அடுத்த ரேஸ்லேர்ந்து எஞ்சின் ஸ்ரீ கெம்பாங்கான் தவுக்கேகிட்ட எடுக்கலாம்னு இருக்கேன் மச்சான்.”

“எடுங்க மாப்ள. நல்ல எஞ்சின்லா அவரோடது,” என்றார் மாமா. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். அம்மா காப்பியோடு வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. ‘உங்கப்பாவைப் பசியாறச் சொல்லு’ என்பது போன்ற தகவல்கள் என் வழியாகப் போய் வந்தன. எனக்கும் அப்பாமீது ஆத்திரமாக இருந்தது. தவுக்கே என்றால் சீன முதலாளி, பெரிய அணிகளுக்கு எஞ்சின் செய்து கொடுப்பவர். நாலாவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் அடித்துக்கொள்ளும் ஓர் அணிக்கு எதற்குத் தவுக்கே எஞ்சின்? அடுத்த வாரத்திலிருந்து மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் கிள்ளான் பக்கம் போனபோது பட்டறையின் பெயர்ப்பலகை இல்லை. கடை வரிசையை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டாராம். மாமா தெற்கே தூரத்தில் ஜொகூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார் என்றார் அத்தை. சொல்லிக்கொண்டே என் நகங்களுக்குப் பூசிவிட்டார். அந்த முறை பாட்டில் முக்கால்வாசி காலியாக இருந்தது. மாமா ஊரில் இல்லையே, பிறகு யார் தீர்க்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். எப்படியோ கேட்காமல் விட்டுவிட்டேன்.

புதிய எஞ்சின் அட்டைப்பெட்டியில் வந்தது. அதன் போல்ட்டுகளுக்குள் மெல்லிய கம்பி கோத்து, கம்பியின் முனையில் ஈய முத்திரை குத்தியிருந்தது. இதை யாரும் திறக்கக்கூடாது. ஏதாவது கோளாறு என்றால் தவுக்கேயிடமே திருப்பி அனுப்ப வேண்டும். முத்திரை உடைந்திருந்தால் அக்காவைப் போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள். இவ்வளவையும் அப்பா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பக்கத்திலேயே போகக்கூடாது என்றும் சொன்னார்.

பக்கத்தில் போகாமல் எப்படி இருப்பது? அன்று மத்தியானம் அவர் குளிக்கப் போனதும் டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தில் குப்புறப் படுத்தேன். கை வைக்கவில்லை. கண்ணை மட்டும்தான் வைத்தேன். முத்திரையைப் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன், கம்பிக்குப் பின்னால் இருந்த நட்டைப் பார்த்தேன். அதன்மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு.

என் விரலை அதன் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன். அதே நிறம். உலகத்தில் ஒரே ஒரு நகப்பூச்சுப் பாட்டில்தான் இருக்கிறதா என்று எனக்கு நானே எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டேன். ஆகவே அடுத்த நட்டையும் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். மாமாவுக்கு இடதுகைப் பழக்கம். அவர் போடும் கோடு முடிகிற இடத்தில் இடப்பக்கமாக ஒரு சின்ன வால் விழும். எல்லாக் கோட்டிலும் வால் இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா ஜொகூரிலேயே இல்லை. தவுக்கேயின் பட்டறைக்குள் புகுந்துகொண்டு, அப்பாவுக்கே தெரியாமல் எங்களுக்கு எஞ்சின் செய்துகொண்டிருக்கிறார். இதுவரை அவர் விட்ட புளுகுகளிலேயே இதுதான் பெரியது. தவளைக்கே இரண்டு கிண்ணம் என்றால் இதற்கு எத்தனை கிண்ணம்? சட்டம் தெரிந்தவள் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அம்மா அண்ணனை நினைத்துப் பெருமூச்சு விடும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நாள் பேசாமல் வைத்திருந்த விஷயம் வேறு கிடையாது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிட்டு, விடிந்ததும் சிப்பாங் பக்கம் இருந்த ஓட்டத்தளத்துக்குக் கிளம்பினோம். அம்மா மட்டன் பிரட்டல் செய்திருந்தார். அதில் கொத்தமல்லி இலை போடவில்லை. எங்கள் வீட்டில் அந்த இலையில் மூட்டைப்பூச்சி நாற்றம் அடிக்கிறது என்று ஒதுக்குபவர் மாமா மட்டும்தான். அம்மா ஞாபகமறதியாக விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அப்பா எங்கள் தூக்கிலிருந்து கொஞ்சம் சோறும் நிறையப் பிரட்டலும் எடுத்து, கடையில் தாப்பாவ், அதாவது பார்சல், கட்டித் தரும் வெள்ளைப் பெட்டி ஒன்றில் மாற்றினார். எதற்கு என்று கேட்டேன். தவுக்கேவுக்கு என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. தவுக்கே சுத்த சைவம். முதல் தடவை சந்தித்தபோது அம்மா நீட்டிய கோழிக் கறிபாப்பைக்கூட அவர் கும்பிட்டு மறுத்தார். ஆனால் அன்றைக்குப் பெட்டியை மறுக்காமல் வாங்கி, தன் லோரிக்குப் பின்னால் எடுத்துப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். நான் லோரியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்றின்மேல் மாமா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டை. சட்டைப்பையின்மேல் தவுக்கேயின் கடைப்பெயர் தைத்திருந்தது. பெயர்ப்பலகையில் மாமாவின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதும், இந்தச் சட்டையில் அவர் பெயர் எங்குமே இல்லை என்பதும் அப்போது என் கண்ணில் படவில்லை. வேஷம் பிரமாதம் என்றுதான் தோன்றியது. அவர் முன்னால் போய் நின்று பத்து விரல்களையும் விரித்தேன்.

“கண்டுபிடிச்சிட்டேன் மாமா.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. எதை வைத்து என்று கேட்டார். நிறத்தைச் சொன்னேன், வாலைச் சொன்னேன். தன் இடது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“அப்பாவுக்குத் தெரியுமா பாப்பா?”

“தெரியாது.”

“அம்மாவுக்கு?”

“யாருக்குமே தெரியாது. நான் மட்டுந்தான்.”

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகுதான் சிரித்தார். கெட்டிக்காரி என்றார். அங்கே ஐஸ் கச்சாங் கடை இல்லாததால் பரிசு பாக்கி, கிறிஸ்துமஸ்வரை ரகசியமாக இருந்தால் மூன்று கிண்ணம் என்றார். தவளைக்குக் கிடைத்ததைவிட ஒரு கிண்ணம் அதிகம். உடனே ஒப்புக்கொண்டேன். தவுக்கே எங்கிருந்தோ நல்ல சோறு வாங்கி வந்திருக்கிறார் என்று சொல்லி, பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த மசாலாவரை வழித்துச் சாப்பிட்டார். கூடப்பிறந்த தங்கையின் கைப்பக்குவத்தை ஒரு மனிதரால் அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் போகுமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அக்காவின் பந்தயத்தை நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியின்மேல் ஏறி நின்று பார்த்தோம். எஞ்சின் இறுகவில்லை. அக்கா மூன்றாவதாக வந்தாள். கோப்பையை வாங்கும்போது அவள் கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோலப் பார்த்தாள். மாமா சட்டென்று குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் அப்பா வேனின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“லோரிக்குப் பின்னால போனியே, யாரும் இருந்தாங்களா?”

“யாருமில்லப்பா.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு கடையில் நிறுத்தி, எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். எதற்கென்று சொல்லவில்லை. சொந்த மச்சானே செய்த எஞ்சின் என்று தெரியாமல் தவுக்கேவுக்குச் சோறு கொடுக்கிறாரே, அப்பா எவ்வளவு ஏமாளி என்று நினைத்துக்கொண்டே தின்று முடித்தேன்.

பல வருடம் கழித்து, அக்காவின் திருமண விருந்தில், தவுக்கே என் பக்கத்தில் உட்கார்ந்து சைவத் தட்டை நகர்த்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கடை வரிசை கைமாறப்போகிறது, மாமாவுக்கு மேசை போட இடமில்லை, மனம் வேலையில் இல்லாமல் எஞ்சின்கள் இறுகுகின்றன என்பதெல்லாம் தெரிந்ததும், அந்த ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு முன்பே அப்பா அவரிடம் போயிருக்கிறார். என் மச்சானுடைய கை நல்ல கை, அவரை எடுத்துக்கொள்ளுங்கள், என் அணியையும் கொண்டுவருகிறேன், நான் கேட்டதாக மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்றாராம். தங்கை கணவன் பிடித்துக் கொடுத்த வேலை என்று தெரிந்தால் மாமா வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். தவுக்கே தானாகத் தேடிவந்ததுபோல வந்து அழைத்துப் போயிருக்கிறார். பதினெட்டு வருடம் முதலாளியாக இருந்தவர், இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டதைத் தங்கை வீட்டில் சொல்ல முடியாமல் ஜொகூரைக் கண்டுபிடித்திருக்கிறார். அத்தையால் அம்மாவிடம் எதையும் ஒரு வாரத்துக்குமேல் மறைக்க முடியாது. அந்த ஒரு வாரத்தின் முடிவில்தான் அம்மா அப்பாவோடு மறுபடி பேச ஆரம்பித்தார். இதைக் கேட்ட அன்று, மணமகளின் தங்கை என்பதையும் மறந்து, கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பத்து வயது. மாமா ஒரு பயணப்பையோடு வந்தார். ஜொகூரிலிருந்து என்று சொல்லி ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார். அடியில் கிள்ளான் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு நகத்தால் சுரண்டிப் போட்டார். அக்கா தன் கோப்பையைக் கொண்டுவந்து மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா கொத்தமல்லி இலை போடாத பிரட்டலைப் பரிமாறினார். அத்தை குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா மாமாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“ஜொகூர்ல மழையா மச்சான்?”

“பேய் மழை மாப்ள. ரோடெல்லாம் தண்ணி.”

அங்கே சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்டார். பரவாயில்லை, எப்போதாவது நல்ல மட்டன் கிடைக்கும் என்றார் மாமா. துணியெல்லாம் யார் துவைக்கிறார்கள் என்று அக்கா கேட்டாள். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நான் மேசைக்கு அடியில் மூன்று விரல்களை நீட்டி அவருக்கு மட்டும் காட்டினேன். அவர் கண்ணடித்தார். அந்த மேசையில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையில் எனக்குச் சோறே இறங்கவில்லை.