கிருசாந்தன் படித்த யப்பான் பாஷை

ஆங்கிலச் சோதனையில் மூன்று தடவை கோட்டை விட்டவன் யப்பான் பாஷை படிக்கிறான் என்றால் சிரிக்காமல் வேறென்ன செய்வது? நான் நன்றாகவே சிரித்தேன். உருத்திரபுரத்தில் கிருசாந்தனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். வரம்பில் கைபேசியை வைத்துக்கொண்டு, எழுதி நிரப்பிய ஒரு கொப்பியைப் பார்த்து முணுமுணுத்தபடியே இருப்பான்.

கொப்பி அவனுடைய மனைவி யதுர்ஷிகாவினது. வவுனியாவில் வகுப்புக்குப் போய்ப் படித்து, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு அவள் யப்பான் போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. முதலில் ஒரு மணித்தியாலம் கதைத்தவள் பிறகு பத்து நிமிடத்தில் வைக்கத் தொடங்கினாள். ஒருநாள் பின்னால் யாரோ ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தாளாம். என்னவென்று இவன் கேட்டதற்கு, "அது உங்களுக்கு விளங்காதப்பா" என்றாளாம்.

"அவள் தூரம் போறாள் மச்சான். நான் இஞ்சையே நிண்டால் பிடிக்கேலாது," என்றான் என்னிடம். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆள் விடவில்லை. "எங்கடை மாதிரித்தான்ரா, வினைச்சொல் கடைசியிலைதான் வருது," என்பான். நெல்லுக்கு இனே, அரிசிக்குக் கொமே, சோற்றுக்குக் கொஹான். மூன்றுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறவன் வயல் செய்கிற கமக்காரனாகத்தான் இருப்பான் என்று புளுகத்தில் துள்ளுவான். எட்டு மாதத்தில் எழுதி எழுதி இரண்டு கொப்பி முடிந்தது.

போன கிழமை அவனுடைய வயலுக்கு இருவரும் யூரியாப் பசளை எறிந்துகொண்டு நின்றோம். மத்தியானம் இரண்டரைக்கு அழைப்பு வந்தது. அங்கே அவளுக்கு வேலை முடிகிற நேரம். கையெல்லாம் பசளை என்பதால், சத்தமாகக் கேட்கும்படி போட்டு வரம்பில் வைத்தான். "யதுர்ஷிகா சான்" என்று தொடங்கினான் பாருங்கள்! பேருக்குப் பின்னால் சான் போடுவது அங்கே மரியாதையாம். பிறகு விடாமல் யப்பான் பாஷையிலேயே கதைத்தான். வெயில் அதிகம், நெல் நன்றாக நிற்கிறது, களைத்துப் போனாயா, உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. எனக்குத் தமிழில் கருத்தும் சொல்லிக் காட்டிப் பழகியதெல்லாம் அதுதான். எனக்கே மெய் சிலிர்த்தது.

அந்தப் பக்கமிருந்து விம்மல் கேட்டது.

"பிழையாச் சொல்லிப்போட்டனோ?" பாவம், பயந்துபோனான்.

"இல்லையப்பா, வடிவாத்தான் சொன்னியள். ஆனால் விடிஞ்சதிலையிருந்து உந்தப் பாஷைதான் கதைக்கிறன். களைச்சு விழுந்து வந்து, ரெண்டு சொல்லுத் தமிழ் கேப்பமெண்டு எடுத்தால் நீங்களும் அதுவோ? யதுர்ஷிகா சான் எண்டு இஞ்சை எல்லாரும்தான் கூப்பிடினம். நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களே ஒருநாளாவது? வீட்டிலை கூப்பிடுற மாதிரி ஒருக்காக் கூப்பிடுங்கோ."

எங்கள் ஆட்களில் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் குறைவு; 'இங்கே பாரும்' என்கிற மாதிரி ஒரு சொல்தான் வீட்டில். கிருசாந்தன் வெட்கத்தோடு என்னைப் பார்த்தான். நான் பசளை வாளியைத் தூக்கிக்கொண்டு மற்ற வரம்புக்கு நடந்தேன். அதற்காகக் காது கேட்காமல் போகுமா?

"இஞ்சேரும்..." என்றான்.

"இன்னொருக்கா," என்றாள்.