ஓடைக்கரையில் கிடைத்த பதில்

அன்பான சகோதர சகோதரிகளே, நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழகாதவள் நான். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை மூடி வைத்துக்கொண்டு இனியும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஏர்க்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட்டின் கீழ் லயனில், கூலிக்காரர் வீட்டு வரிசையில், நானும் என் கணவர் யாக்கோபும் குடியிருந்தோம். அவருக்குச் செடிகளுக்கு மருந்தடிக்கிற வேலை. நான் பழம் பறிப்பேன், களை எடுப்பேன்.

எங்கள் முதல் மகன் பூனைக்குட்டி போலப் பிறந்தான். பதினொரு நாள் பால் குடிக்கத் திணறினான். அதற்கு மேல் அவனுக்குத் தெம்பில்லை. இரண்டாவது, பெண். ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். அழவே இல்லை.

சபையில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊட்டுல ஏதோ மறைவான பாவம் இருக்குது எஸ்தரு, யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்தேன். சின்ன வயதில் சொன்ன பொய்களைக்கூட எண்ணி எண்ணி மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஜெபிக்க வாய் திறந்தால் அழுகைதான் வந்தது.

என் துக்கத்தை வேறு மாதிரி பார்த்தவர் ஏர்க்காட்டில் எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா. என் பாவத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. "எங்க தண்ணி எடுக்கறீங்க? யார் துணி தொவைக்கறது? மாசமா இருக்கறப்ப எத்தன மூட்டை சுமந்த?" என்று கேட்டார். உங்கள் லயனில் வேறு யாருக்குக் குழந்தை தவறியது என்றும் கேட்டார். விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினேன். ஒரு கை விரல்கள் முடிந்து மறு கைக்குப் போனபோது மடக்குவதை நிறுத்திவிட்டேன். எங்கள் லயனில் ஓடைத் தண்ணீர்தான்; ஊற்றுத் தண்ணீர் குடிக்கிற மேல் லயனில் குழந்தைகள் கொழுகொழுவென்று இருந்தார்கள்.

"இதுதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த ஓடைத் தண்ணி வேண்டாம். மருந்தடிச்ச துணிய நீ தொடாத" என்றார் நர்ஸம்மா.

ஓடை எனக்குத் தெரியும். பழம் உரிக்கிற மில்லின் கழிவு அதில்தான் விழும். அறுவடைக் காலத்தில் தண்ணீர் புளித்து நாறும். அதற்குச் சற்றுக் கீழே, நாங்கள் குடம் நிரப்புகிற இடத்துக்கு மேலே, மருந்து பம்பைக் கழுவுவார்கள். கழுவுகிறவர் என் கணவர்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? இரண்டு பிள்ளைகளின் குழிகளையும் தம் கையால் தோண்டியவர் அவர். சொல்லவில்லை. மூன்றாவது முறை கர்ப்பமானபோது என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, பிள்ளையைக் கொடும் என்று மட்டும் இனி கேட்க மாட்டேன். இந்தத் தண்ணீரை மாற்றும். இதை என் கணவருக்கு நீரே சொல்லும். என்னால் முடியாது."

அன்று முதல் ஓடைத் தண்ணீரைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா மேலே ஊற்றுக்குப் போய் எனக்கும் சேர்த்து ஒரு குடம் கொண்டுவந்தார். "நீ சொமக்காத கண்ணு. உன்ற சாமி உன்னையப் பாத்துக்கும், தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் கோயிலுக்குப் போகிறவர். எனக்கு ஆண்டவர் அனுப்பிய முதல் உதவி அவர்தான்.

ஜனவரியில் எனக்கு ஐந்தாம் மாதம். எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டரிடம் போய், ஊற்றிலிருந்து லயனுக்குக் குழாய் வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மூட்டை சுமக்காத வேலை வேண்டும் என்று கேட்டேன்.

"இத்தன வருஷமா எல்லாரும் இதத்தான குடிக்கறாங்க?" என்றார்.

"அதனாலதானுங்க கேக்கறோம்."

அவர் கணக்கு நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை லயன் பெண்கள் ஒருவரும் கூடையைத் தொடவில்லை. "ஏனுங்க, ஒருக்கா எங்களோட ஓடை வரைக்கும் நடந்து வாங்க, அப்புறம் வேலைக்கு வர்றோம்" என்றோம். ரைட்டர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆண்களும் பின்னால் வந்தார்கள். மில்லுக்குக் கீழே வந்ததும் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். ஆனாலும், "பெரியவங்ககிட்ட இதயெல்லாம் கொண்டுபோக முடியாது" என்றார்.

அப்போது என் கணவர் முன்னால் வந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இந்தக் கல்லு மேல வெச்சுத்தானுங்க நான் பம்பு கழுவறேன். அதோ, எம் பொண்டாட்டி தண்ணி மொள்ற எடம். எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருந்துச்சுங்க..."

ரைட்டர் கைக்குட்டையை இறக்கினார். "இன்னிக்கே பேசறேன் யாக்கோபு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். "நீ ஓடைத் தண்ணிய விட்ட அன்னிக்கே மனசு குத்துச்சு. இன்னிக்கு அந்தக் கல்லப் பாத்ததும் வாய் தானா தெறந்துருச்சு" என்றார். இருவரும் முழங்காலில் நின்றோம். ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல் சேர்ந்து அழுதது அன்றுதான்.

மாதம் முடிவதற்குள் ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் வந்தது. பம்பு கழுவ லயனுக்கு எட்டத்தில் ஒரு குழி வெட்டினார்கள். கர்ப்பிணிகளைக் காபிக்கொட்டை பொறுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள்.

ஜூன் மாத மழையில் ஜீப் பிடித்து ஏர்க்காட்டுக்குப் போனோம். குழந்தை பிறந்ததும் போட்ட சத்தம் வெளியே நின்ற என் கணவருக்கே கேட்டது. நர்ஸம்மா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு கிலோவுக்குக் கொஞ்சந்தான் கம்மி எஸ்தரு" என்று சிரித்தார். கிருபா என்று பேர் வைத்தோம். இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

அதற்குப் பிறகும் எங்கள் லயனில் ஒரு குழந்தை தவறியது. அது ஏன் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் போய் அவள் பாவத்தைத் தேடுவதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். முழங்காலில் நின்று கேளுங்கள், எழுந்து போய்ச் செய்யுங்கள். ஆண்டவர் இரண்டிலும் கூட இருக்கிறார். அவரை நம்பி நான் வெட்கப்பட்டுப் போகவில்லை.

மாரமங்கலம் பக்கத்து லயன் ஒன்றில் மூன்று பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்களாம். அங்கேயும் ஓடைத் தண்ணீர்தானாம். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நான் போகிறேன். உங்களில் யார் யார் என்னோடு வருகிறீர்கள்?