ஜெர்மன் குரலுக்காக அழித்த நான்கு நிமிடம்

ஒரு மனுஷியின் குரலை அழிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும், தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும். நான்கு நிமிடம் இருபது நொடி. ஒரு வீடியோ கேம் மியூசிக்கின் நீளம் அது.

பிளாட்பாரத்தில் வாங்கிய திருட்டு சிடி. கேமைத் திறந்ததும் மெனுவில் டமடமவென்று டிரம்ஸ் அடிக்கும். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல ஓர் ஆம்பளைக் குரல். மொத்தம் நாலு வாக்கியம், திரும்பத் திரும்ப அதேதான். கேமில் நம்மைச் சுட வருகிறவன் எல்லாம் ஜெர்மன்காரன், ஆகவே இவனும் ஜெர்மன்தான் என்று நானும் என் காலேஜ் நண்பனும் முடிவு கட்டினோம். என்ன சொல்கிறான் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்றும்.

அப்போது காலேஜ் இரண்டாம் வருடம். எனக்குப் பேரையூர்ப் பக்கம், விவசாய வீடு. நாகமலை புதுக்கோட்டையில் ரூம் எடுத்திருந்தேன். அவன் சௌராஷ்டிரா, வீட்டில் பேசுவதும் அந்தப் பாஷைதான். வீடு திருநகரில். கம்ப்யூட்டர் அவனிடம்தான் இருந்தது. அதனால் என் ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கேதான் இருந்தன. பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டி, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் பிராக்டிகல் நோட்டின் பின்பக்கம் எழுதுவோம். நான் ஒரு வரி பிடிப்பதற்குள் அவன் மூன்று வரி பிடித்துவிடுவான்.

"எப்புட்றா?"

"எங்க வீட்டுல பேசுறத நாங்க எழுதவா செய்யுறோம்? காதுலயே குடித்தனம் நடத்துற ஆளுக மாப்ள. ஒனக்குக் காது இருக்கது கண்ணாடி மாட்டத்தான்."

மூன்று மாதம் எழுதியும் ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசியில் யுனிவர்சிட்டியில் மாலை நேரம் ஜெர்மன் வகுப்பு எடுக்கும் மேடத்தைப் பிடித்தோம். எங்கள் நோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இதை வச்சு நான் என்னப்பா பண்ண? கேசட்ல கொண்டு வாங்க, கேக்குறேன்." அவர் வகுப்பில் இருந்தது ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும்தான்.

இங்கே அவனுடைய அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் காட்டுவார். தமிழில்தான். சௌராஷ்டிராவை எழுதிப் பழக்கமே இல்லையே. பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரு பாஷையில் வளர்த்த மகனிடம் அந்த அம்மா வேறொரு பாஷையில் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கதவில் தட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பால் வாங்கக் கிளம்பினான். "செல்ஃப்ல பழைய கேசட் கெடக்கும். எதுலயாச்சும் அடிச்சு வையி, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். செல்ஃபில் மேலாக ஒரு கேசட் இருந்தது. பெயர் எழுதவில்லை. அழியாமல் இருப்பதற்காக அதன் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தார்கள். அது ஒரு விஷயமா? கடையில் பாட்டுப் பதிந்து வாங்குகிற கேசட் எல்லாம் அப்படித்தான் வரும். அந்த ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் மேலே பதியலாம். எங்கள் செட்டில் எல்லோரும் செய்வது. நான் நூறு தடவை செய்திருக்கிறேன்.

அடைத்தேன். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை டூ இன் ஒன் டேப் ரெக்கார்டரின் மைக்குக்கு நேரே திருப்பினேன். வால்யூமை முழுதாக வைத்து, பட்டனை அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவில் டம்ளர் சத்தம். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை, வேகமாகியது. பாழாய்ப்போன ரெக்கார்டிங் கெட்டுவிடுமே என்ற எரிச்சலில், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கி, "ஸ்ஸ்ஸ்... ரெக்கார்ட் ஆகுதும்மா" என்றேன்.

வாய் பேச முடியாத மனுஷியிடம்.

பாட்டு முடிந்தபோது என் முகத்துக்கு முன்னால் காலண்டர் தாள் நின்றது. 'நிப்பாட்டுப்பா. அதுல நான் பேசுனது இருக்கு.'

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவன் அம்மாவை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிந்த கேசட். வேறு பதிவு கிடையாது. அது எப்போதும் பீரோவில்தான் இருக்கும். அன்று காலையில் அந்த அம்மா எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார், தன் குரலைத் தானே. திரும்ப உள்ளே வைக்கவில்லை. அவர் அதைக் கேட்பார் என்பது அவனுக்கே அன்றுதான் தெரியும்.

அவன் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தான். நான் சொன்னேன். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை. ரீவைண்ட் செய்து முழுதாகக் கேட்டான். டிரம்ஸ், ஜெர்மன்காரன், டம்ளர், என் 'ஸ்ஸ்ஸ்'.

"மொதல்ல என்னையக் கூப்புடும். சின்னப் பிள்ளைல கூப்புடுற பேரு. அதான் போச்சு" என்றான். "மிச்சம் இருக்கு."

"மன்னிச்சுருடா."

"எதுலயாச்சும் அடின்னு நாந்தான சொன்னேன்."

மறுநாள் அந்தக் கேசட்டையே மேடத்திடம் கொண்டுபோனான். வேண்டாம்டா என்று கெஞ்சினேன். "என்ன சொல்றான்னு தெரியாம விட்டா இம்புட்டும் எதுக்கு?" என்றான்.

மேடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். சிரித்துவிட்டார். "ரயில்வே ஸ்டேஷன் அனவுன்ஸ்மென்ட்டுப்பா! நாலாவது பிளாட்பாரத்துல வண்டி கிளம்புது, எல்லாரும் ஏறுங்க, கதவு மூடுது, தள்ளி நில்லுங்கன்னு சொல்றான். இதுக்கா மூணு மாசம்? சரி, நடுவுல டொக்கு டொக்குன்னு கேக்குதே, என்ன அது?"

"எங்கம்மா" என்றான்.

மேடம் டேப்பை நிறுத்தவில்லை. டிரம்ஸ் நின்றது. ஒரு வாக்கியத்தின் பாதியிலிருந்து ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தது ஆபரேஷனுக்குப் பிறகுதான். அந்த அம்மாவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். கொஞ்சம் கட்டைக் குரல், அவசரப் பேச்சு.

"இது ஜெர்மன் இல்லையே. என்ன லாங்வேஜ்?"

"எங்க வீட்டுல பேசுறது மேடம்."

"என்ன சொல்றாங்க?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே, மேடம் ஜெர்மனைச் சொன்ன மாதிரியே, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். "கருவப்பிலையக் கடைசியாப் போடணுங்கிறாங்க. கேஸ மூடிட்டுப் படுக்கணுமாம். அப்பாட்ட எதுத்துப் பேசக் கூடாதாம். மழ பேஞ்சா மாடிக் கதவு ஒட்டிக்கிரும், காலால ஒதைக்காத, தோளக் குடுத்துத் தள்ளுங்கிறாங்க."

மேடம் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அவனாக எழுந்து நிறுத்தும்வரை மூவரும் கேட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவன் கூப்பிடவில்லை. காலேஜில் வழக்கம்போலத்தான் பேசினான், கிண்டல் எல்லாம் அடித்தான். வீட்டுப் பேச்சு மட்டும் எடுக்கமாட்டான். மன்னிப்புக் கேட்டு அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், தமிழில். கொடுக்கத் தைரியம் வரவில்லை.

காலேஜ் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவன் கல்யாணப் பத்திரிகை இப்போது இதை எழுதும் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேரில் கொடுக்கவில்லை, தபாலில் வந்தது.