அழுக்காக மறுத்த கார்ப்பெட்

பவானியில் வெயில் காலத்தில் தரையைக் கழுவிவிட்டு, அது முழுக்கக் காய்வதற்குள் சட்டையைக் கழற்றிப் போட்டு அதன்மேல் படுத்துவிடுவோம். தரை என்பது மனிதனுக்குக் குளிர்ச்சி கொடுப்பதற்கென்றே போடப்பட்டது என்று நம்பி வளர்ந்தவன் நான். மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்த முதல் நாள், ஓர் ஓட்டல் அறையில் சுவரிலிருந்து சுவர்வரை தரைக்கே கம்பளி போர்த்தியிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். தரைக்குக் காய்ச்சலா என்று கேட்க நினைத்தேன், கேட்கும் அளவுக்கு மலாய் தெரியவில்லை. இந்தத் தரைமேல் ஒரு வாளி தண்ணீரை வீசி விளக்குமாற்றால் தள்ளிவிட முடியாது. அதைக் கழுவத் தனி மிஷின் வேண்டும், தனி மருந்து வேண்டும், மிஷினைப் பிடித்துக்கொண்டு நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, என் ஊர். பவானி என்றால் ஜமுக்காளம் என்று ஏஜெண்டிடம் சொன்னேன். அவர் அதைப் மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் இருக்கும் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், "கார்ப்பெட் ஊர்க்காரன், பரம்பரை" என்று சொல்லிவிட்டார். ஊரில் நான் வெட் கிரைண்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். ஜமுக்காளத்துக்கும் எனக்குமான உறவு, கல்யாண வீடுகளில் அதன்மேல் உட்கார்ந்து சாம்பார் சிந்தியதோடு சரி. வந்த முதல் வாரம், ஒரு சின்னக் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்யச் சொன்னபோது அதை வெளியே தூக்கிப்போய்த் துவைக்கிற கல்மேல் அடித்தேன். அது இரண்டாகக் கிழிந்து வந்தது. தவுக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பரம்பரையில் வலிமையை அப்படித்தான் சோதிப்போம் போலிருக்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது. அதனால்தான் புது மிஷின் வாங்கும் பேச்சு வந்தபோது, சோதித்துச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

வந்திருந்தவை இரண்டு மிஷின். பெரியது வேனுக்குள்ளேயே பொருத்தியது; வேனைக் கீழே நிறுத்திவிட்டு நீளக் குழாயை உள்ளே இழுத்து வர வேண்டும். ஓர் ஆள் குழாயைப் பிடிக்க, ஓர் ஆள் தள்ள. சின்னது சக்கரம் வைத்த பெட்டி, ஒரே ஆள் போதும். எங்கள் கம்பெனியில் இருப்பதோ இரண்டே ஆட்கள், நானும் சூசையும். சூசை இங்கேயே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், குடியுரிமைக்காரர். நான் வேலை பெர்மிட்டில் இருப்பவன், அதுவும் மாதக் கடைசியில் முடிகிறது. சின்ன மிஷின் ஜெயித்தால் ஓர் ஆள் மிச்சம். அந்த மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க மிஷின் தேவையில்லை. என்னைத் தூக்கில் போடப்போகும் கயிறு உறுதியாக இருக்கிறதா என்று என்னையே தொங்கிப் பார்த்துச் சொல்லச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே பயத்தில் வீட்டுக்கு போன் செய்து, "ஒருவேளை நான் வந்துருவேன் போலிருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்று அழும் குரலில்தான் சொன்னேன். அவள் ஏனோ அழவில்லை.

சோதிக்க அழுக்கு வேண்டும். தவுக்கேயின் கட்டளை தெளிவாக இருந்தது: சேற்றை வாரிப் பூசக்கூடாது, அது மேலாகவே நிற்கும்; ஜனங்கள் ஒரு வாரம் சப்பாத்தோடு, அதான் ஷூவோடு, நடந்து நடந்து, அழுக்கு நூலுக்குள்ளே இறங்க வேண்டும். சூசையின் மச்சான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய ஆபீஸ் வராந்தாவில் ஒரு நீளக் கார்ப்பெட்டை விரித்து, நடுவே டேப் ஒட்டிப் பாதியாகப் பிரித்தோம். மழைக்காலம், செம்மண், நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் வந்துபோகும் இடம். ஒரே நாளில் கார்ப்பெட் வயலாகிவிடும் என்று நினைத்தேன்.

முதலில் வந்த பாக்கியம் அக்கா, கொழுந்து பறித்த கையோடு வந்தவர், கார்ப்பெட்டைப் பார்த்ததும் நின்றார். பூட்ஸைக் கழற்றினார். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலால், விரல் நுனியில் நடந்து போனார். பின்னால் வந்தவர்களும் கழற்றிக் கீழேயே விட்டார்கள். படியில் பூட்ஸ்கள் கோயில் வாசல்போலக் குவிந்தன. ஒருவர் கால் ஈரமாக இருக்கிறது என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு ஏறினார்.

திரும்பி வந்த பாக்கியம் அக்காவை மறித்து, தயவுசெய்து பூட்ஸோடு மிதியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணே, நான் மிதிப்பேன், நீங்க ஒளிஞ்சிருந்து வீடியோ எடுத்துப் போடுவீங்க. ஊரே பார்த்துச் சிரிக்கும். வேற ஆளப் பாருங்க லா."

"சத்தியமா இல்லக்கா. இது அழுக்காகணும், அதுக்குத்தான் போட்டிருக்கேன்."

"அழுக்காக்கவா போட்டீங்க?" என்று அவர் சூசையைத் திரும்பிப் பார்த்தார். "இவரு ஊர்லேர்ந்து வந்து எத்தன நாளாச்சு? சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்புடுறாரா?"

சரி, நாமே நடப்போம் என்று சூசையும் நானும் இறங்கினோம். சூசை நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பூட்ஸை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். பிறகு குனிந்து, விழுந்திருந்த தடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். நான் அவரைத் திட்டிக்கொண்டே கார்ப்பெட்டின் நடுவரை போய்விட்டேன். "எல்லாம் சரிண்ணே, உங்க பூட்ஸ் எங்க?" என்றார். குனிந்து பார்த்தேன். வெறுங்கால். என் பூட்ஸ் இரண்டும் படிக்குக் கீழே ஜோடியாக, ஒழுங்காக நின்றிருந்தன. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. பவானியில் ஒருவன் செருப்புக்காலோடு ஜமுக்காளத்தில் ஏறினால் அந்தப் பந்தியில் அவனுக்கு இலை விழாது. அந்தப் பயம் கடல் தாண்டி என் குதிகாலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வாரம் முழுக்க இதே கதைதான். மழை கொட்டியது, மலை சரிந்து விடுமோ என்று பயந்தோம், கார்ப்பெட் மட்டும் மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று கிடந்தது.

தவுக்கே வந்த அன்று, அவர் வருவதற்குள் பாதிக்கு ஒன்றாக இரண்டு மிஷின்களையும் ஓட்டி வைத்தோம். வந்ததும் தொட்டிகளைத் திறந்தார். இரண்டிலும் வந்த தண்ணீரில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம். "மானா கோத்தோர்?" என்றார். அழுக்கு எங்கே என்று அர்த்தம். இங்கே யாரும் சப்பாத்தோடு ஏறமாட்டார்கள் என்பதை எனக்குத் தெரிந்த மலாயிலும் தெரியாத ஆங்கிலத்திலும் சொல்லி, கையைக் கால்போல நடக்கவிட்டுக் காட்டினேன். அவருக்கு நான் ஏதோ நடனம் ஆடுவதுபோல் பட்டிருக்கும். அவரும் நெருங்கிப் பார்க்க வந்தார். வந்தவர், படியில் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

ஏறியவர் நடு டேப்புக்கு இரு பக்கமும் கால் வைத்து நின்று, ஒரு காலைத் தூக்கினார், மறு காலைத் தூக்கினார். இடது காலுறை சொட்டியது. வலது காலுறை காய்ந்திருந்தது. "இனி பாசா, இனி கெரிங்" என்று சொல்லிச் சிரித்தார். இது ஈரம், இது காய்ந்தது. இந்தக் குளிரில், மேகம் ஜன்னல் வழியாக வந்து போகிற ஊரில், ஈரமாக விடப்பட்ட கார்ப்பெட் இரண்டு நாளில் நாறிவிடும். எந்த மிஷின் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுகிறதோ அதுதான் மிஷின். ஒரு வாரம் நான் அழுக்குக்கு அலைந்தேன். அவர் ஒரு ஜோடி காலுறையில் சோதனையை முடித்துவிட்டார்.

எந்தப் பக்கம் எந்த மிஷின் என்று கேட்டார். மாற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் பெரிய மிஷினின் குழாய் ஈரப் பாதியின் மேல் மலைப்பாம்புபோல நீட்டிப் படுத்திருந்தது. ஜெயித்தது சின்னது. பெர்மிட், பெட்டி, விமான நிலையம், பவானி பஸ் ஸ்டாண்டில் நான் இறங்குவது, கிரைண்டர் கடையில் வேறொருவன் உட்கார்ந்திருப்பது எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் ஓடின.

"பெலி துவா," என்றார் தவுக்கே. "சோராங் சத்து."

சின்னதில் ரெண்டு வாங்கு, ஆளுக்கு ஒன்று. குழாய் பிடிக்க ஆள் வேண்டாமென்றால் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டலுக்குப் போகலாமே, இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார். பெர்மிட் பேப்பரை மறுநாள் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஈரக் காலுறையைப் பிழிந்தபடி போனார். சூசை என் முதுகில் தட்டி, "வாரம் பூரா செத்தவன் மாதிரி இருந்தீங்களேண்ணே, இதுக்கா?" என்றார்.

கார்ப்பெட்டின் நடுவே நின்றபடியே வீட்டுக்கு போன் செய்தேன். நான் வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க அப்பா வருதுன்னு. முன் ரூமுக்கு வெள்ளையடிக்க ஆளும் சொல்லியாச்சு." அவள் குரல் அவ்வளவு உற்சாகமாக நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. பெர்மிட் நீளுகிறது, வேலை போகவில்லை என்று சொன்னேன். நல்ல செய்தியை நல்ல செய்திபோலச் சொல்ல எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"நல்லதுதானுங்க," என்றாள். அப்புறம், வேறு என்ன பேசுவது என்று தெரியாதவளாக, "அங்க குளிருதுங்களா?" என்று கேட்டாள்.

நடு டேப்புக்கு இந்த ஈரப் பக்கம் ஒரு வெறுங்கால், அந்தக் காய்ந்த பக்கம் ஒரு வெறுங்கால் வைத்து நின்றிருந்தேன்.

"ஒரு காலுக்கு மட்டும்," என்றேன்.

வழக்கம்போல நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை எந்தக் காலையும் எடுக்காமல் அப்படியே நின்றேன்.