ஒரே வேனில் வரும் பிள்ளைகள்

"கடைசியில எஸ்டேட் பிள்ளைங்க மட்டம்னுதானே எழுதப் போற, தங்கச்சி?" என்று அலோர் காஜா பக்கத் தோட்டப் பள்ளி ஆசிரியை கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் இந்த ஊரில் என்னைத் தங்கச்சி என்கிறார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலேசியாவின் மலாக்காவுக்கு, பள்ளிப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பைப் பற்றிய ஆய்வுக்கு வந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். "அப்படி எழுத மாட்டேன் டீச்சர்" என்றேன். ஆனால் பள்ளிகளில் நான் நடத்திய வாசிப்புத் தேர்வின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றியபோது அதுதான் வந்தது. தோட்டப் பிள்ளைகள் நகரப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள், சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

அந்த வரியை எழுதக் கை வரவில்லை. சின்ன வயதில் எங்கள் வாத்தியார், "அந்தத் தெருவுக்குப் படிப்பு ஏறாது" என்பார். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். குடம் நிரப்பிவிட்டு எல்லாரும் ஒன்றாகத்தான் தாமதமாகப் போவோம். அவர் ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகளிடம் நான் மட்டும் கேட்டேனா?

மறுநாள் விடியற்காலையில் தோட்டத்துப் பள்ளி வேனில் ஏறினேன். பிள்ளைகளோடு சீருடை அணிந்த அம்மாக்களும் இருந்தார்கள்.

"கடையில வேலையா, தங்கச்சி?" என்றார் ஓட்டுநர்.

"படிக்க வந்தேன், அண்ணே."

"ஏன், இந்தியாவுல ஸ்கூல் எல்லாம் மூடிட்டாங்களா?" வேனே சிரித்தது. "சரி, உக்காரு. மொதல்ல இந்த அம்மாங்கள குருபோங் பேக்டரில எறக்கணும். அப்புறம்தான்லா ஸ்கூலு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடம் முடிந்திருந்தது. தினமும் அப்படித்தானாம். முதல் பாடம், தமிழ் வாசிப்பு.

என் பிழை புரிந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணியிருந்தேன். ஒரே வேனில் வருகிறவர்கள் ஒரே பாடத்தைத்தான் இழக்கிறார்கள். எத்தனை பேர் சொன்னாலும் அது கிட்டத்தட்ட ஒரே சாட்சி. எல்லாப் பள்ளிகளிலும் யார் எந்த வேனில், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டு வாங்கினேன். பிள்ளைகளை வேன்களுக்குள்ளும் வேன்களைப் பள்ளிகளுக்குள்ளும் அடுக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினேன். தோட்டம், நகரம் என்ற வித்தியாசம் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கியது. தாமதத்தின் பாதிப்பு மட்டும் அசையாமல் நின்றது. குருபோங்கில் என் வாடகை வீட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

"அப்ப வாசிப்ப மூணாவது பாடமா மாத்திட்டா போச்சு" என்றார் ஆசிரியை. "இதுக்காம்மா இவ்ளோ கணக்கு?"

ஆய்வேட்டின் திருத்திய அத்தியாயத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் இதே தேர்வை நடத்த அனுமதி கேட்டு, நேற்றுக் காலை விண்ணப்பமும் அனுப்பினேன். முகவரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. குருபோங் வாடகை வீட்டை எழுதிவிட்டு, மிச்சமிருந்த ஓரத்தில் அம்மாவின் வீட்டையும் பொடி எழுத்தில் நுழைத்தேன்.