அவர் எழுதிக்கொண்ட பத்து நிமிடம்

இருபத்தாறு வருடங்களாக அவர் சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தர். ஒருவர் பத்து நிமிடம் எழுதுவார். அடுத்தவர் வந்து உட்கார்ந்ததும் எழுந்து பின்னறைக்குப் போய், எழுதியதைத் தட்டச்சு செய்வார். அதனால் எந்த விவாதத்தையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதா வந்த அன்று, பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறதென்று எதிர்க்கட்சியினர் மேசையைத் தட்டினார்கள். அமைச்சர் பதில் சொல்ல எழுந்தது இவருடைய முறையில்.

"அடுத்த ஆண்டு முதல் பிரீமியம் பாதியாகக் குறையும். பழைய நோயைக் காட்டி யாரையும் ஒதுக்க முடியாது."

அடுத்தவர் வந்து உட்கார, கைதட்டல் என்று குறித்துவிட்டு எழுந்தார்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனார். இதய வால்வில் கோளாறுள்ள அக்கா, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்திலிருந்த தொகையைப் பார்த்து மலைத்துப் போயிருந்தாள்.

"கட்டாதேக்கா. நாலு மாசம் பொறு, பாதியாயிடும்."

"அரசியல்வாதி பேச்சுடா. விடிஞ்சா போச்சு."

"நானே கைப்பட எழுதினேன்க்கா."

அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். தம்பி அளந்து பேசுகிறவன்.

நான்கு மாதம் கழித்து, காலாவதியான பாலிசிக்குப் பதிலாக அவள் புதிதாகப் போட்ட விண்ணப்பத்தைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பியது. புதுப் பாலிசியில் வால்வு சிகிச்சைக்குப் பணம் கிடைக்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமாம். அங்குள்ள குமாஸ்தாவின் தவறு என்றே நினைத்தார். சட்டமன்ற நூலகத்தில் அன்றைய விவாதத் தொகுப்பைப் புரட்டினார். அவர் எழுதிய பகுதியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதற்கு அடுத்த வரி, அவருக்குப் பின் வந்து உட்கார்ந்தவர் எழுதியது: "பாலிசியை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்."

அவரையே போய்க் கேட்டார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமா. ஏன், பிழை ஏதும் இருக்கா?"

"இல்ல, சரியாத்தான் இருக்கு."

துல்லியமாக எழுதிவிட்டால் உண்மையும் கூடவே வந்துவிடும் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தார்.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க. எனக்கு எதுக்குடா பூமி, ஒரு வால்வு போதுமே."

அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு எட்டு மாதம் தள்ளித் தேதி கிடைத்தது. அதுவரை மாடிப்படி ஏறக் கூடாது என்றார் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை, தரைத்தளத்தில் இருந்த தன் வீட்டுக்கு அவளை அழைத்துப்போக வந்தார். மூட்டையைத் தோளில் ஏற்றியபோது அவள் சொன்னாள்:

"உன் மூஞ்சியத் தினம் பாக்கணும். அதான்டா கஷ்டம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவரால் சிரிக்க முடியவில்லை. படியில் முன்னால் இறங்கினார். பின்னால் அவள் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவது கேட்டது.