பெரட்டில் நீட்டிய கை

இந்த ஊரில் ரத்தம் எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பெர்த் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஊசி இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்த நர்ஸ் ஊசியைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எடுக்கலாமா?" என்று கேட்டாள். நான் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். மறுபடியும் கேட்டாள். கையையும் நீட்டிவிட்டு வாயாலும் சொல்ல வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். நான் பயந்து போயிருக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். அவளுக்கு வேலை சரியாகப் பழகவில்லை என்று நான் நினைத்தேன். "இன்னொரு நாள்கூட வரலாம், ஒன்றும் அவசரமில்லை" என்றாள். வேறு வழியில்லாமல் "எடுங்கள்" என்று வாயைத் திறந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் என் கை அவளுக்குக் கிடைத்தது.

அங்கே மலேசியாவில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. நெகிரி செம்பிலானில், தம்பினுக்கு உள்ளே போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்தில் ஒருமுறை ஒரே காலையில் வரிசையாக ரத்தம் எடுத்தார்கள். நானே அதைப் பார்த்தேன். தைப்பூசம் முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை களை வெட்டும் வெளிக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாள் கிழமையோடு நினைவு வைத்துக்கொள்வது என் பழக்கம். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையை மறக்காமல் வைத்திருந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை.

தோட்டத்தில் வாழாதவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் ஆபீசுக்கு எதிரே உள்ள மண் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர், மேசை போட்டு உட்கார்ந்து பேர் போடுவார். பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. பெரட்டில் எது சொன்னாலும் அது வேலையில் சேர்த்தி. மலைக்காட்டுக்குப் போ என்றால் போக வேண்டும். துரை பங்களாவில் புல் வெட்டு என்றால் வெட்ட வேண்டும். அங்கே நின்றுகொண்டு மாட்டேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒருவர் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவருக்கு எத்தனை நாள் பேர் வெட்டினார்கள் என்பதுதான் அந்தக் கதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை இருந்தது. அதன் மேல் வெள்ளைத்துணி, கண்ணாடிக் குழாய்கள், ஐஸ் பெட்டி. பின்னால் நின்றவர் டாக்டர் குணசீலன். கிராணியின் மூத்த மகன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே, மேட்டில் இருந்த கிராணி வீட்டில் பிறந்து, செரம்பானில் படித்து, டாக்டராகி, லண்டனுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போயிருந்தவர். களைக்கொல்லி அடிப்பவர்களின் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மண்டோர் வழக்கம்போல் பேர் கூப்பிட்டார். மருந்தடிக்கும் கும்பலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டினார்கள். முதுகில் மருந்து டேங்கோடு போன என் அக்கா சரசுவும் நீட்டினாள். டாக்டர் நல்ல மாதிரிதான் பேசினார். "பயப்படாதீங்க, எறும்பு கடிக்கிற மாதிரி" என்றார். பஞ்சு வைத்து அழுத்திவிட்டார். எல்லோருக்கும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்தார். யாரிடமும் எடுக்கலாமா என்று கேட்கவில்லை.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு பெரிய தவறு செய்தார்கள். தோட்டத்து மக்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ரத்தம் எடுத்தவர் டாக்டர். டாக்டர் பார்த்துவிட்டார். ஏதாவது இருந்தால் ஆள் அனுப்பிச் சொல்வார். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு கணக்கு. ஆபீசிலிருந்து கூப்பிடாதவரை நல்லபடியாக இருக்கிறோம் என்று வாழ்ந்தவர்களுக்கு இது சரியான கணக்காகவே பட்டது. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. ஆள் வரவில்லை. மருந்தடிக்கும் கும்பலில் எல்லோருக்கும் நிம்மதி. பிறகு அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது, தம்பின் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். அக்கா சொன்ன பதில் எனக்கு இன்றும் கேட்கிறது: "நம்ம குணா ஐயாவே ரத்தம் எடுத்துப் பாத்துட்டாரும்மா. ஒண்ணும் இல்லாததாலதான சொல்லல. சும்மா நின்னு நின்னு வர்ற வீக்கம் லா இது." அந்த நம்பிக்கையிலேயே பல வருடம் மருந்தடித்தாள்.

இதற்கிடையில் டாக்டர் குணசீலன் வளர்ந்தார். அவர் வளர்ச்சியை நான் தூரத்திலிருந்து பார்த்து வந்தேன். எங்கள் ரத்தத்தை வைத்து எழுதிய ஆராய்ச்சியில் அவருக்குப் பட்டம் கிடைத்தது. அதே ஆராய்ச்சியால் ஆஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனைக்கூடம் கிடைத்தது. பிறகு பேராசிரியர், துறைத்தலைவர், மருத்துவப் புலத்தின் தலைவர். அவர் புலத்தலைவரான வருடம் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். லயத்து ஆட்களை வெளியேற்றிய வருடம் அவருக்கு நம் நாட்டில் டத்தோ பட்டம் கொடுத்தார்கள். அக்கா செரம்பான் பக்கம் மம்பாவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். நான் வயரிங் வேலை கற்று, சிங்கப்பூர் வழியாக இந்த ஊருக்கு வந்தேன். கடைசியில் அவர் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக வந்தார். இங்கே துணைவேந்தர்தான் உண்மையில் தலைவர். நான் அதே பல்கலைக்கழகத்தில் மின்பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். அவர் பதவியேற்ற விழாவில் அவர் கோட்டில் மைக்கைப் பொருத்தியது என் கைதான்.

நல்ல பேச்சு அது. முதலில், தான் கொண்டுவரப்போகும் ஒரு விதியைப் பற்றிச் சொன்னார். இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆசிரியரும் தன் மாணவர்களிடம் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கக் கூடாது. மதிப்பெண் போடுகிறவர் கேட்கும்போது மாணவன் சொல்லும் சரி, சரி ஆகாது என்றார். சபை கைதட்டியது. நானும் மேடைக்குப் பக்கத்தில் நின்று தட்டினேன். கொஞ்ச நேரத்தில் தான் பிறந்த தோட்டத்துக்கு வந்தார். படிப்பில்லாத ஏழை மக்கள், விடியற்காலை, வரிசை. "ஒருவர்கூட மறுக்கவில்லை" என்றார். "அறிவியலின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை அது." சபை எழுந்து நின்று தட்டியது. என் கைகள் இரண்டும் ஒலிக்கருவியின் மேல் இருந்தன. மதிப்பெண் போடுகிறவரைத் தெரிந்த இந்த மனிதருக்குப் பேர் போடுகிறவரைத் தெரியாதா? பேர் போட்டது அவருடைய அப்பா.

மைக்கைக் கழற்றும்போது தமிழில் பேசினேன். "ஐயா, நான் உங்க தோட்டந்தான். மருந்தடிச்ச சரசுவோட தம்பி."

அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "அடடே, எந்த லயம்?"

"கோயிலுக்குப் பின்னால, ரெண்டாவது லயம்."

"அந்த ஆளுங்கள மறக்க முடியுமா? சித்திரையில கோயில் திருவிழாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கண்டிப்பா வர்றேன்." என் தோளைத் தட்டினார். அதற்குள் யாரோ அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா அப்போது வாரத்தில் மூன்று நாள் செரம்பானில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். சிறுநீரகம் மருந்தால் கெட்டதா, ரத்த அழுத்தத்தால் கெட்டதா, நான் சொல்ல முடியாது. எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அக்காவுக்கும் அது கேள்வி இல்லை. அவளுக்கு ஒரே கேள்விதான். "அன்னைக்கு எடுத்த ரத்தத்துல அப்பவே இருந்துச்சான்னு கேக்கணும் தம்பி. இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு சொல்லட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். நான் ஒண்ணும் சண்டைக்குப் போகல."

"நானே இங்க கேட்டு சொல்லவா?"

"வேணாம். என்கிட்டதான எடுத்தாரு. என்கிட்டயே சொல்லட்டும்."

சித்திரையில் நான் ஊருக்குப் போனேன். தோட்டத்தில் கோயிலைத் தவிர நம்முடையது எதுவும் இல்லை. செம்பனை வரிசைக்கு நடுவில் கோயில். லயம் இருந்த இடத்தில் பங்களாதேஷ்காரர்கள் தங்கும் கொட்டகைகள். மம்பாவிலிருந்தும் தம்பினிலிருந்தும் பழைய ஆட்கள் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்திருந்தார்கள். டாக்டருக்கு மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பிறகு தரிசனத்துக்கு நிற்பதுபோல் அவருக்கு முன்னால் வரிசை நின்றது. கும்பலில் மருந்தடித்த மாரியாயி அக்கா என் காதில் சொன்னாள்: "அப்ப கைய நீட்டுனோம், இப்ப காலத் தொடுறோம். ஒடம்புல இன்னும் என்னா பாக்கி?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"இருக்கேங்கய்யா. ஒண்ணு கேக்கணும். பெரட்டுல எங்கிட்ட ரத்தம் எடுத்தீங்க. அதுல அப்பவே கிட்னியில கோளாறு இருந்துச்சுங்களா?"

அவர் சிரிப்பு மாறவில்லை. "அது அப்படி இல்லம்மா. ஆராய்ச்சியில பேர் வெச்சுக்கக் கூடாது. எல்லாம் நம்பர்தான். எது யாருதுன்னு எனக்கே தெரியாது. அதுதான் முறை."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மண்டோர் பேர் சொல்லித்தானங்கய்யா கூப்பிட்டாரு" என்றாள்.

அவர் அக்காவின் கையைப் பிடித்தார். அந்தக் கையில்தான் டயாலிசிஸ் குழாய் பொருத்தும் நரம்பு புடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தொட்டவுடன் அவர் விரல்கள் நின்றன. டாக்டர் அல்லவா, தொட்டதுமே என்னவென்று தெரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் படம் எடுப்பவன் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னான். கோயில் தலைவர் குனிந்து, "சரசக்கா, ஐயாவுக்கு பிளைட் இருக்கு லா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். அக்கா நகர்ந்தாள். பேர் விழுந்தவள் வேலைக்குப் போவதுபோல நகர்ந்தாள்.

மம்பாவுக்குக் காரில் திரும்பினோம். நான்தான் பொறுக்காமல் கேட்டேன். "அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

"உனக்கு வெளிநாடு போயி மூள கெட்டுப்போச்சு. பெரட்டுல யாருடா வேணாம்னு சொல்லுவா?" என்றாள். வழியில் ரசா ஊரைத் தாண்டியதும் தானாகவே சொன்னாள். "அவங்கப்பாவும் இப்படித்தான். பேர் வெட்டிட்டு, ரொம்ப அன்பா பேசுவாரு."

நான் பெர்த் திரும்பிய மாதத்தில் பல்கலைக்கழகத்தின் மாதாந்திர இதழில் அந்தப் படம் வந்தது. பரிவட்டத்தோடு துணைவேந்தர், அவர் கையில் ஒரு முதிய பெண்ணின் கை. தன் மக்களோடு துணைவேந்தர் என்று கீழே எழுதியிருந்தார்கள். அக்காவின் பேர் இல்லை. நாங்கள் வேலை செய்யும் அறையில் யாரோ அதைச் சுவரில் ஒட்டினார்கள். உன் நாட்டுக்காரர் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள். அக்கா ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம் இறந்தாள். கேட்டது கேட்டபடியே இருந்தது.

கருமாதி முடித்து வந்த பிறகு, வருடாந்திரப் பரிசோதனைக்காகக் கிளினிக்குக்குப் போனேன். வேறொரு நர்ஸ், சின்னப் பெண். நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டினேன். அவள் வழக்கம்போல ஊசியைத் தொடாமல், எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு நின்றாள். இத்தனை வருடமும் சரி என்று சொல்லியிருக்கிறேன். அன்று வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசிக்கவில்லை. அவள் காரணம் கேட்கவில்லை. "பரவாயில்லை, விருப்பப்பட்டால் இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லி, குழாய்களைத் தட்டில் திருப்பி வைத்தாள். அவ்வளவுதான். யாரும் என் பேரை வெட்டவில்லை. அவள் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். நீட்டிய கையை மடக்க முடியாமல் நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.